ஒரு கோடு தள்ளி நின்ற முள்

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இலாப நட்டக் கணக்குப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கைப் பலகையில் எழுதுவேன். "ஒரு வியாபாரி பருப்பைக் கொள்விலைக்கே விற்பதாகச் சொல்கிறார். ஆனால் ஒரு கிலோவுக்குப் பதில் 900 கிராம் மட்டும் நிறுத்துக் கொடுக்கிறார். அவருடைய இலாபச் சதவீதம் என்ன?" வகுப்பில் பாதிப் பேர் யோசிக்காமல் 10 என்பார்கள். நான் 11.11 என்று திருத்துவேன். மணி அடிக்கும். எல்லாரும் போய்விடுவோம்.

ஒரு தவணையில் மட்டும் கதை அதோடு முடியவில்லை. பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் வந்து நின்றாள். கையில் இருந்த கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தாள்.

"சேர், எங்க டவுன் கடையில நிறுவை கொறையுது. ஆனா ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு வீதமா வருது. எத எடுக்கிறது?"

அந்த நான்கு வரிதான் இந்த ஆய்வு. கடையின் பெயரையும் டவுனின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் பத்துப் பன்னிரண்டு கடை. அந்த மாதிரி டவுன் இலங்கை மலையகத்தில் எத்தனையோ இருக்கிறது.

நிறுத்த விதம்

முதலில் பிள்ளையின் அளவீட்டை நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் வீட்டில் தராசு இல்லை. விஞ்ஞான டீச்சரிடம் கேட்டு ஆய்வுகூடத்து முக்கோல் தராசில் நிறுத்திருக்கிறாள். அந்தத் தராசு 610 கிராமுக்கு மேல் காட்டாது. அதனால் ஒரு கிலோ பருப்பை இரண்டு பையாகப் பிரித்து நிறுத்து, பைகளின் நிறையைத் தனியாகக் கழித்திருந்தாள். நான் கேட்காமலே அதைச் செய்திருந்தாள் என்பதைக் கவனித்தேன். பொலித்தீன் பை மூன்று நான்கு கிராம்தான், ஆனால் நூறு கிராம் சாமானில் அது நான்கு சதவீதம்.

அடுத்த சம்பளக் கிழமையில் நானும் கூடவே இருந்து மறுபடி நிறுத்தோம். சாமான் உலர்ந்து நிறை குறைந்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். எங்கள் பக்கத்து மழைக்கால ஈரத்தில் செத்தல் மிளகாயைத் திறந்து வைத்தால் நிறை கூடுமே தவிரக் குறையாது. கிடைத்தவை இவை:

பருப்பு, கேட்டது 1,000 கிராம், வந்தது 953.
சீனி, கேட்டது 500, வந்தது 452.
நெத்தலிக் கருவாடு, கேட்டது 250, வந்தது 204.
செத்தல் மிளகாய், கேட்டது 100, வந்தது 52.

நான் பலகையில் எழுதிய கணக்கு போல் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும். கிலோவுக்கு 47 கிராம் என்றால் நூறு கிராமுக்கு ஐந்து கிராம் அளவில்தான் குறையும். இங்கே குறைந்த கிராம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று: 47, 48, 46, 48. சாமான் எவ்வளவாக இருந்தாலும் தராசு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு கிராமைத் தனக்கு எடுத்துக்கொண்டது.

அந்தக் கடையில் இருப்பது மேலே தட்டும் முன்னால் வட்ட முகமும் உள்ள முள்ளுத் தராசு. முகத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 50 கிராம். தட்டு வெறுமையாக இருக்கும்போதே முள் பூச்சியத்தில் நிற்காமல் முதல் கோட்டை ஒட்டி நிற்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் ஆளுக்கு ஒரு கோடு தள்ளியிருப்பது கண்ணில் படாது. விஞ்ஞான பாடத்தில் இதைப் பூச்சிய வழு என்று படிப்பிக்கிறோம். கணித பாடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எதால் வகுப்பது

பிள்ளை பருப்புக்கு 47-ஐ 1,000-ஆல் வகுத்து 4.7 என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு பேனாவில் 47-ஐ 953-ஆல் வகுத்து 4.93 என்று எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

இரண்டும் சரி. கேள்விதான் வேறு வேறு. 4.7 அவளுடைய அம்மாவின் கணக்கு: கொடுத்த காசுக்குரிய ஆயிரம் கிராமில் எத்தனை வராமல் போனது என்பது. 4.93 முதலாளியின் கணக்கு. அந்தப் பையில் இருந்தது 953 கிராம், அதற்குத்தான் அவர் ஹட்டன் மொத்தக் கடையில் காசு கொடுத்தார். ஆயிரத்துக்குரிய காசு அவருக்கு வந்தது. கூட வந்த 47, அவர் போட்ட 953-இன் மேல் வந்த இலாபம். இலாபத்தை எப்போதும் முதலின் மேல்தான் சொல்வது. அந்த 47 கிராம் இன்னும் அவருடைய சாக்குக்குள்ளேயே இருக்கிறது, அதை நாளைக்கு வேறு யாருக்காவது விற்பார்.

சூத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு: குறைத்த நிறையை, சொன்ன நிறையிலிருந்து குறைத்த நிறையைக் கழித்து வருவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மனப்பாடம் செய்வதை விட "அவர் கையை விட்டுப் போனது என்ன" என்று கேட்டுப் பழகுவது நல்லது. பரீட்சையில் கேள்வியைத் திருப்பிப் போட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

சாமானைக் கொள்விலைக்கே விற்றதாக வைத்துக்கொண்டால், நிறுவையால் மட்டும் கடைக்கு வந்த இலாபம்: பருப்பில் 4.9, சீனியில் 10.6, நெத்தலியில் 22.5, மிளகாயில் 92.3 சதவீதம். வாங்கியவரின் இழப்பு அதே வரிசையில் 4.7, 9.6, 18.4, 48. குறைவு சிறிதாக இருக்கும்போது இரண்டு எண்களும் அருகருகே நிற்கின்றன, அதனால் பிழை தெரிவதில்லை. மிளகாய்க்கு வரும்போது ஒன்று மற்றதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 10-க்கும் 11.11-க்கும் உள்ள வித்தியாசத்தை வருடக்கணக்காகக் காட்டிவந்த நான், 48-க்கும் 92-க்கும் உள்ளதைக் காட்டியிருந்தால் வகுப்பு முதல் நாளே விழித்திருக்கும்.

மடுவத்துக் கணக்கு

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. ஒரு நிலையான கிராம்தான் குறைகிறது என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். அவள் கண்டுபிடிக்கவில்லை. அம்மா சொல்லியிருக்கிறார்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பறித்ததை மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், நிறுத்துக் கொடுப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அவரிடமே கேட்டேன்.

"அதுல என்னாங்க சேர் இருக்கு. மடுவத்துல ஒவ்வொரு நிறுவைக்கும் கழிவு போடுவாங்க. பைக்கு, தண்ணிக்குனு. கொழுந்து கூடுனாலும் கொறஞ்சாலும் கழிவு ஒன்னுதான். மூணு தரம் நிறுத்தா மூணு தரம் போகும். கடைக்காரரும் அப்படித்தான் போடுறாருனு நெனச்சேன். சின்னச் சின்னதா வாங்கறப்பதான் கூட அடிக்குது."

பள்ளிக்கூடத்தில் நாங்கள் யாரும் சொல்லாத விஷயத்தை அவர் முப்பது வருடமாகத் தலையில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். இருபது கிலோ பறித்து மூன்று தடவையாகக் கொண்டுபோனால் பேருக்கு எழுதுவது 17. இரண்டு தடவையாகக் கொண்டுபோனால் 18. நாள் பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, பதினெட்டு வேண்டும் என்ற தோட்டத்தில் அந்த ஒரு கிலோ முழுப் பேரா அரைப் பேரா என்பதையே தீர்மானிக்கும். கொழுந்தை எடுக்கும் தோட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், 17-க்குக் கணக்கு எழுதி 20 எடுத்தால் காசில்லாமல் கிடைத்தது 3, அதாவது 17.6 சதவீதம். பைக்கு நிறை உண்டு, மழை நாளில் இலையில் தண்ணீர் உண்டு, ஆகவே கழிவில் ஒரு பங்கு நியாயம். அது எவ்வளவு பங்கு என்பது தனிச் சண்டை. இங்கே நமக்கு வேண்டியது கணக்கின் வடிவம் மட்டும். நிலையான கழிவு சிறிய நிறுவையைத்தான் கடிக்கும்.

அதை லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். பத்தாம் திகதி சம்பளம் கையில் இருக்கும்போது பருப்பு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்குவார்கள். மாதக் கடைசியில் மிளகாய் நூறு, கருவாடு கால் கிலோ. காசு குறையக் குறைய பொட்டலம் சிறிதாகும், பொட்டலம் சிறிதாகச் சிறிதாகத் தராசு எடுக்கும் பங்கு பெரிதாகும். ஐம்பது கிராம் கேட்டால் மூன்று கிராம்தான் வரும். அது யாருக்கும் கண்ணில் பட்டுவிடும் என்பதாலோ என்னவோ, அந்தக் கடையில் ஐம்பது கிராம் சாமான் எல்லாம் கம்பனி பக்கட்டில் மட்டும் இருந்தது. செத்தல் மிளகாய் அப்படியல்ல. நிறை இல்லாமலே பையை உப்பவைக்கும் சாமான் அது.

ஒரு மாதத்தின் மொத்தம்

வீதம் நான்கு வருகிறது, எதை எடுப்பது என்பதுதான் பிள்ளையின் கேள்வி. வகுப்பில் கேட்டால் கூட்டி நான்கால் வகுப்பார்கள். அது பிழை. மொத்த வரவையும் மொத்தச் செலவையும் எடுக்க வேண்டும்.

அந்த வீட்டு ஒரு மாத வாங்கலை எடுத்தோம். விலைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். கொள்விலை, மொத்தக் கடையில் வேலை செய்யும் ஒரு பையனிடம் கேட்டது. கடன் கொப்பிக்குப் போட்டால் விலை இன்னும் ஏறும். அதை இங்கே தொடவில்லை.

பருப்பு கிலோ 250-க்கு எடுத்து 270-க்கு விற்கிறார். ஒரு கிலோவாக இரண்டு தடவை. சீனி 220, 230; அரைக் கிலோவாக நான்கு தடவை. நெத்தலி 1,200, 1,320; கால் கிலோவாக நான்கு தடவை. செத்தல் மிளகாய் 800, 880. நூறு நூறாக ஆறு தடவை.

கடைக்கு வந்த காசு: 540 + 460 + 1,320 + 528 = 2,848 ரூபாய்.

நேர்மையாக நிறுத்திருந்தால் அந்தச் சாமானுக்கு அவர் போட்ட முதல்: 500 + 440 + 1,200 + 480 = 2,620. இலாபம் 228 ரூபாய், 8.7 சதவீதம். மலைக்கு லொறி வாடகை கொடுத்துச் சாமான் ஏற்றும் கடைக்கு அது கொள்ளை இலாபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உண்மையில் கொடுத்தது பருப்பு 1,906 கிராம், சீனி 1,808, நெத்தலி 816, மிளகாய் 312. அதற்குரிய முதல்: 476.50 + 397.76 + 979.20 + 249.60 = 2,103.06. இலாபம் 744.94. வீதம் 35.4.

பதினாறு நிறுவையில் தராசு எடுத்தது மொத்தம் 758 கிராம். முக்கால் கிலோ. அந்த முக்கால் கிலோ 228 ரூபாய் இலாபத்தை மூன்று மடங்குக்கும் மேல் ஆக்கியிருக்கிறது. இலாபம் மெலிதாக இருக்கும் வியாபாரத்தில் நிறுவைக் குறைவு இவ்வளவு சுவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: குறைத்த சாமானில் பாதிச் செலவு, பாதி இலாபம் என்று பிரிவினை கிடையாது, அது முழுக்க இலாபத்தில் போய்ச் சேருகிறது.

தனித்தனி வீதங்கள், விலை ஏற்றத்தையும் சேர்த்து, 13.3, 15.6, 34.8, 111.5. இவற்றின் சராசரி 43.8. உண்மை விடையான 35.4 அதிலிருந்து எட்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. மிளகாயின் 111.5 பார்க்கப் பயங்கரம், ஆனால் அதில் போட்ட முதல் 250 ரூபாய்தான். சராசரி எடுப்பவர் அந்த 250-க்கும் நெத்தலியின் 979-க்கும் ஒரே மரியாதை கொடுக்கிறார்.

இன்னொன்று. முதலாளிக்குக் கூடுதலாகக் கிடைத்தது 516.94. ஆனால் குடும்பம் இழந்தது 565.86, ஏனென்றால் வராத சாமானுக்கு அவர்கள் கொடுத்தது விற்பனை விலை. அந்த மாதம் கடைக்குக் கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபது ரூபாய் அளவு காற்றுக்குப் போயிருக்கிறது. மிளகாயை மட்டும் எடுத்தால், 52 கிராமுக்கு 88 ரூபாய். பலகையில் கிலோ 880 என்று எழுதியிருக்கிறது. அவர்கள் வாங்கியது கிலோ 1,692-க்கு.

தெரிந்தா, தெரியாமலா

பாடப்புத்தகம் "நேர்மையற்ற வியாபாரி" என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடும். நிஜத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. முள் தானாக இறங்கியிருக்கலாம். தட்டில் வருடக்கணக்காகச் சீனிப் பாகும் தூசியும் படிந்தாலே பத்து இருபது கிராம் கூடும். ஆகவே நான் முதலில் சந்தேகத்தின் பலனைக் கடைக்குத்தான் கொடுத்தேன்.

அதைக் கெடுத்தது போஞ்சி. பிள்ளையின் தாத்தா லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போஞ்சி போடுகிறார். அதே கடைதான் வாங்கும். தராசு மட்டும் குறைபாடாக இருந்தால், அந்த முள்ளுத் தராசில் நிறுத்து வாங்கும்போது நட்டம் கடைக்காரருக்கு வர வேண்டும், நிறை கூடக் காட்டும் தராசு அது. ஆனால் வாங்கும்போது அதைத் தொடுவதே இல்லை. கதவோரம் ஆணியில் தொங்கும் கொக்கித் தராசை எடுக்கிறார்.

ஒரு நாள் பள்ளிக்கூட வழியாகப் போஞ்சி வந்தது. எட்டுத் தடவையாக நிறுத்தோம், நான்கு கிலோ. அரை மணி நேரத்தில் கடையில் அது 3.8 கிலோ. பனி காய்ந்து இருநூறு கிராம் போக அது போஞ்சி, பஞ்சு இல்லை. அந்தத் தராசிலும் முள் தள்ளித்தான் நின்றது, ஆனால் எதிர்ப் பக்கமாக. இரண்டு தராசும் தற்செயலாகப் பழுதாகி, இரண்டு பழுதும் ஒருவருக்கே சாதகமாக அமைவதை நான் ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை.

இங்கே கணக்கு பெருக்கலாகிறது. கிலோ 200 வீதம் 3.8 கிலோவுக்கு 760 ரூபாய் கொடுத்து நான்கு கிலோ எடுக்கிறார். விலைப் பலகையில் 260. கால் கிலோவுக்கு 65 ரூபாய், போவது 204 கிராம். 260-ஐ 200-ஆல் வகுத்தால் 1.3, நான்கை 3.8-ஆல் வகுத்தால் 1.0526, 250-ஐ 204-ஆல் வகுத்தால் 1.2255. மூன்றையும் பெருக்கினால் 1.677. வெளியே தெரியும் இலாபம் 30 சதவீதம், கைக்கு வருவது 67.7. 30, 5.3, 22.5 மூன்றையும் கூட்டிய பிள்ளைகள் 57.8 என்று எழுதினார்கள். கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் குறைத்தால் வீதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பால்மா பக்கட்

முறைப்பாடு செய்யலாம். நிறுவைகளுக்கென்று 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வியாபாரத் தராசுக்கு முத்திரை வேண்டும், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நான் இதையெல்லாம் சொன்னபோது அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடன் கொப்பி அவருகிட்டதானே சேர் இருக்கு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

முதலில் அவர் செய்தது கூட்டு வாங்கல். லயத்தில் பத்து வீடு சேர்ந்து மிளகாய் ஒரே தடவையில் ஒரு கிலோ. தராசு 47 கிராம் எடுத்தது. வீட்டுக்கு 95 கிராம் வந்தது, முன்பு 52. தராசைத் தொடாமலே, யாரோடும் சண்டை பிடிக்காமலே, 48 சதவீத இழப்பு 4.7-க்கு இறங்கியது. அடுத்த மாதம் முன்காசு போட ஆள் இல்லாமல் அது நின்றுபோனது.

பிறகுதான் பால்மா. பிள்ளைதான் யோசனை சொன்னாள், ஆனால் செய்தது அம்மா. கடையில் நாலைந்து பேர் நிற்கும் நேரம். 400 கிராம் பால்மா பக்கட் ஒன்றை வாங்கினார். மற்றச் சாமானை நிறுத்து முடிந்ததும், சிரித்துக்கொண்டே பக்கட்டைத் தட்டில் வைத்தார்.

"மொதலாளி, இதையும் ஒருக்கா பாத்துருங்களே. கம்பனிக்காரன் கொறச்சிருப்பானோ என்னவோ."

பக்கட்டின் உறைக்கு ஐந்தாறு கிராம் இருக்கும். முள் 400-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்க வேண்டும். 450-ஐயும் தாண்டி நின்றது. பின்னால் நின்ற ஒரு அண்ணன், "கம்பனிக்காரன் கூடல்ல போட்டிருக்கான்" என்றாராம். யாரும் வேறொன்றும் பேசவில்லை. முதலாளி தட்டைத் தூக்கி, துணியால் துடைத்து, கீழே இருந்த திருகாணியைத் திருப்பினார். "முள்ளு எறங்கிருச்சு போல."

அடுத்த வாரம் பிள்ளை மிளகாயை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தாள். 99 கிராம். விலைப் பலகையில் 880 அழிந்து 960 ஆகியிருந்தது. அவள் கொப்பியில் 960-ஐ 800-ஆல் வகுத்து, 20 சதவீதம் என்று எழுதி, எனக்குக் காட்டினாள். 99 கிராமுக்குத் திருத்தினால் 21.2 வரும் என்றேன். அழித்து எழுதினாள்.

கொக்கித் தராசு இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. தாத்தா அடுத்த போஞ்சிக்குக் கம்பு நட்டுவிட்டார்.